முதல் மடக்கு அரசாங்கத்துக்கு

வரி கட்டாதவர்களில் இரண்டு வகை. கையில் காசில்லாமல் கட்டாதவர்கள் ஒரு வகை. அவர்களுக்குத் தூக்கம் வராது. கொள்கைக்காகக் கட்டாதவர்கள் இன்னொரு வகை. அவர்கள் குறட்டை விட்டுத் தூங்குவார்கள், வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்குத்தான் தூக்கம் வராது. தலைவர் கொள்கைக்காரர்.

தலைவர் என்றால் நாட்டுக்கோ கட்சிக்கோ இல்லை. அந்த வட்டாரத்து வரி செலுத்துவோர் நலச் சங்கத்துக்கு. சங்கத்திலிருந்த மற்ற எல்லாரும் வரி செலுத்தினார்கள். தலைவர் நலத்தைக் கவனித்துக்கொண்டார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் ஒரு ஆம்பளைக்கு வரக்கூடிய வியாதிகளில் இது ஒன்று, சர்க்கரைக்கு இது தேவலை என்பது அவர் மனைவியின் கருத்து.

மனைவி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில் ஆபரேட்டர். அக்கம்பக்கத்தில் ஆபரேட்டரம்மா என்றால்தான் தெரியும். முகம் தெரியாதவர்களின் பதற்றத்தை நாள் முழுக்கக் காதில் வாங்கி வாங்கி, எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர்களிடம்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. கணவர் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வதற்கு வேறு காரணமும் இருக்கலாம்.

இவர்களுக்கு ஒரே மகள். மருமகன் கப்பலில் இன்ஜினியர், வருஷத்தில் பாதி தண்ணீரில். ஆகவே மகள் பெற்றோருடன்தான் இருந்தாள். வயிற்றில் தலைப்பிள்ளை. கொஞ்சம் சிக்கலான கர்ப்பம், படுத்தே இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சண்டை மாடிப் பால்கனியைப் பற்றியது. சாரல் அடிக்கிறதென்று தலைவர் அதற்குக் கண்ணாடி போட்டு மூடினார். அளக்க வந்த வரித்துறை ஆள் பார்த்தார். கூரை இருக்கிறது, அடைப்பு இருக்கிறது, உள்ளே நாற்காலி இருக்கிறது, நாற்காலியில் தலைவரும் இருக்கிறார். ஆகவே இது ஓர் அறை என்று குறித்துக்கொண்டு போய்விட்டார். தலைவருக்கு வந்ததே கோபம். பால்கனி பால்கனிதான், அறை அல்ல என்று மேல்முறையீடு செய்தார். தீர்ப்பு வரும்வரை பால்கனிக்கு மட்டுமில்லை, மிச்ச வீட்டுக்கும் சல்லிக்காசு கிடையாது என்று சங்கக் கூட்டத்தில் அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். தட்டிய கையோடு போய்த் தங்கள் வரியைக் கட்டிவிட்டு வந்தார்கள்.

அரசாங்கம் கோபித்துக்கொள்ளவில்லை. அதற்குக் கோபம் வராது, வட்டிதான் வரும். வட்டியும் வளர்ந்து ஆளானபின் பற்றுரிமை வந்தது. அது என்னவென்று தலைவருக்குத் தெரியாமலில்லை. அதைப் பற்றிச் சங்கத்தில் ஓர் உரையே ஆற்றியிருக்கிறார். மனிதனைப் பிடிக்கிற பிடி அல்ல அது, வீட்டைப் பிடிக்கிற பிடி. ஆள் செத்தாலும் விடாது. வீட்டை விற்றாலும் விடாது; வாங்குகிறவன் வீட்டோடு சேர்த்து அதையும் வாங்கிக்கொள்வான். அடமானம் பிடித்த வங்கி, பங்கு கேட்கும் தம்பி, கைமாற்றுக் கொடுத்த சிநேகிதன் என்று எத்தனை பேர் வரிசை கட்டி நின்றாலும் அரசாங்கம் அந்த வரிசையில் நிற்காது. அதற்குப் பின்னால்தான் வரிசையே ஆரம்பிக்கும். எதிலும் முதல் அதற்கு. மிச்சமிருந்தால் மற்றவர்களுக்கு.

இந்த உரையைத் தலைவர் சிரிக்கச் சிரிக்கப் பேசினார் என்று சங்கத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.

பற்றுரிமை வீட்டின்மேல் விழுவதால், அதை வீட்டுக்குத்தான் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வாசலில் ஒட்டிவிட்டுப் போனால் செல்லாது. துறையின் வாசிப்பாளர் ஒவ்வோர் அறையிலும் நின்று சுவருக்குக் கேட்கும்படி வாசிக்க வேண்டும். அவர் வாசித்து முடிக்கும்வரை வீட்டு மனிதர்கள் வெளியே நிற்பார்கள். ஏன் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனாலும் எல்லாரும் நிற்பார்கள். வேலை நாளில் ஒரு குடும்பம் தன் வீட்டு வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றால், தெருவில் போகிறவர்கள் ஓகோ என்று புரிந்துகொண்டு வேறெங்கோ பார்த்தபடி நடப்பார்கள்.

வாசிப்பாளர் ஒரு முற்பகலில் வந்தார். ஒல்லியான, உயரமான ஆள். மடிப்புக் கலையாத சட்டை, வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். குரலுக்காக என்று, யாரும் கேட்காமலே சொன்னார். துறையில் கடைசிச் சுவர்வரை சொல் சிதறாமல் போய்ச் சேரும் குரல் தன்னுடையது ஒன்றுதான், மற்ற வாசிப்பாளர்கள் எல்லாம் முணுமுணுப்பாளர்கள் என்றும் தெரிவித்தார். அப்புறம், எல்லாரும் கொஞ்சம் வெளியே நிற்கிறீர்களா என்றார்.

ஆபரேட்டரம்மா அப்போது ஆஸ்பத்திரியில், வேலையில் இருந்தார். வீட்டில் தலைவரும் மகளும்தான். தலைவர் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"என் வீட்டுல நான் எதுக்குய்யா வெளிய நிக்கணும்? எந்தப் பிரிவுல இருக்கு, காட்டு."

வாசிப்பாளரால் காட்ட முடியவில்லை. மகளையாவது வெளியே அனுப்பச் சொல்லிப் பார்த்தார். படுத்திருக்கிற பெண்ணை எழுப்ப முடியாது என்று தலைவர் சொல்லிவிட்டார். அத்தோடு, வரி செலுத்துவோர் ஒளிந்து நின்று எதையும் கேட்க மாட்டார்கள், நேருக்கு நேர் கேட்பார்கள் என்று ஒரு வரியும் சேர்த்தார்.

"வேண்டாங்க ஐயா," என்றார் வாசிப்பாளர். "வீட்டுக்குச் சொல்றது வீட்டோட போகட்டும். கூட இருந்து கேட்டா, கேட்டவங்களுக்கும் சேத்துச் சொன்னதா ஆயிடும்."

தலைவர் கையை உயர்த்தினார். சங்கக் கூட்டங்களில் அந்தக் கை உயர்ந்தால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், இனி எப்படியும் வீட்டுக்குப் போக நேரமாகும் என்பது தெரிந்து.

வாசிப்பாளர் வாசித்தார். குரல் அவர் சொன்னதற்குக் குறைவில்லை. ஒவ்வோர் அறையாக வந்தது. மாடிப் பால்கனிக்கும் ஏறிப் போனது, துறையைப் பொறுத்தவரை அது அறைதானே. மகளின் அறையில் அவர் நிலைப்படியில் நின்று, கட்டிலைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலிருந்த வெற்றுச் சுவரைப் பார்த்து வாசித்தார். 'எதிலும் முதலானது அரசைச் சேரும்' என்ற இடம் வந்தபோது, அதுவரை உதைத்துக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று அசைவை நிறுத்திவிட்டது. உற்றுக் கேட்பது மாதிரி இருந்தது என்று பிற்பாடு அவள் அம்மாவிடம் சொன்னாள்.

மறுநாள் காலை தலைவர் டீயை எடுத்து ஒரு மடக்கு இழுத்தார். வாய்க்குள் ஒன்றும் வரவில்லை. டம்ளரைப் பார்த்தார். ஒரு மடக்கு குறைந்திருந்தது. இரண்டாம் மடக்கு சரியாக வந்தது, சூடும் சர்க்கரையுமாக. பல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு பேப்பரைப் பிரித்தார். முதல் பக்கம் வெள்ளையாக இருந்தது. பேப்பர்க்காரனைத் திட்டிவிட்டு மனைவியிடம் நீட்ட, அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைப்புச் செய்தியைக் கடகடவென்று படித்துக் காட்டினார்.

அதற்கடுத்த நாள் காலை தலைவர் படுக்கையிலிருந்து எழுந்து வழக்கம்போல மனைவியை அதட்டிக் கூப்பிட்டார். வாய் திறந்தது, தொண்டை புடைத்தது, சத்தம் வரவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டபோது வந்தது. அன்று சாயங்காலம் சங்கத்தில் அவர் பேச்சின் முதல் வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. உறுப்பினர்கள் அதை ஒரு முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மகளுக்கும் அப்படித்தான். முதல் வாய்ச் சோறு நாக்கைத் தொடும் முன் காணாமல் போகும். தலை வாரினால் சீப்பின் முதல் இழுப்பு தலையில் படாது. காலையில் கண் விழித்ததும் அவள் "அம்மா" என்று கூப்பிடுவது வழக்கம். இப்போதெல்லாம் ஆபரேட்டரம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தால் மகள் வாயசைத்துக்கொண்டு மட்டும் கிடப்பாள். சத்தம் போன பக்கம் தெரியாது. ஆபரேட்டரம்மாவின் டீயில் எந்த மடக்கும் குறையவில்லை. அவர் பற்ற வைத்தால் அடுப்பு முதல் தரமே பற்றிக்கொள்ளும். தலைவர் வைத்தால் இரண்டாம் தரம்தான்.

வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று, டாக்டரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, மகளை ஒரு சிநேகிதி வீட்டுக்குக் காரில் அழைத்துப் போய் விட்டார்கள். அங்கே அந்தப் பெண் ஆசையாகப் பழச்சாறு பிழிந்து கொடுத்தாள். ஒரே ஜாடியிலிருந்துதான் எல்லாரும் குடித்தார்கள். மகளின் முதல் மடக்கு மட்டும் வரவில்லை. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்கே போயிடலாம்மா என்றாள்.

திரும்பி வரும்போது காரில் ஆபரேட்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசித்ததைக் கேட்ட இரண்டு பேரைத்தான் அது பிடித்திருக்கிறது, நான் கேட்கவில்லை, என்னை விட்டுவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். மகள் வயிற்றின்மேல் கையை வைத்தாள்.

"ரெண்டு பேர் இல்லம்மா. மூணு பேர் கேட்டோம்."

பிறகு, அம்மாவுக்குப் புரியாமல் போய்விடப் போகிறதே என்பது போல, "இது எனக்கு மொதப் பிள்ள," என்றாள்.

தலைவரிடம் சொன்னபோது அவர் இதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லை என்றார். அடுத்த கூட்டத்தில் கண்டனத் தீர்மானம் கொண்டுவரப் போவதாகவும் சொன்னார். மேல்முறையீட்டை வாபஸ் வாங்கிக் காசைக் கட்டிவிடலாம் என்று மனைவி சொன்னதற்கு, இத்தனை நாள் தாக்குப் பிடித்துவிட்டு இப்போது பால்கனியை விட்டுக்கொடுப்பதா என்று கேட்டார். அந்த வீட்டில் பேரப்பிள்ளையைவிடப் பால்கனிக்கு வயசு அதிகம், மரியாதையும் அதிகம்.

ஆபரேட்டரம்மா லீவு போட்டுவிட்டு வரித்துறை அலுவலகத்துக்குப் போனார்.

பெரிய கட்டடம். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே குளிர்ச்சியாக, மங்கலாக இருந்தது. அவர் முதலில் கவனித்தது டீயை. எல்லார் மேஜையிலும் டம்ளர் டம்ளராக டீ, காபி, தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மடக்கு. யாரும் வாங்கிக்கொண்டு வந்து வைப்பதாகத் தெரியவில்லை. ஒரு குமாஸ்தா ஒன்றை எடுத்துக் குடித்து, காலி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். மறுபடி நிமிரும்போது அதில் ஒரு மடக்கு இருக்கும்.

பற்றுரிமைப் பிரிவு கடைசியில் இருந்தது. அங்கிருந்த எழுத்தர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார். எல்லா விவரமும் அவருக்குத் தெரிந்திருந்தது. பால்கனி வீடா என்று சிரித்தார். ஆபரேட்டரம்மா பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டார். எழுத்தருக்குப் பின்னாலிருந்த சுவரின் உச்சியில் காற்றுக்காக ஒரு சிறு திறப்பு விட்டிருந்தார்கள். அதன் வழியே உள்ளறையிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. சந்தை இரைச்சல் மாதிரி, நிறையப் பேர் ஒரே சமயத்தில் ஒவ்வொரு சொல் மட்டும் பேசுகிற சத்தம். ஏய், யாரது, எழுந்திரு, தண்ணி, ஐயோ. யாரும் இரண்டாவது சொல்லைச் சொல்லவில்லை. கண்ணை மூடினார். நூறு குரலில் ஒரு குரலைப் பிரித்தெடுப்பது அவருக்குச் சம்பளம் வாங்கித் தரும் வேலை.

"அம்மா."

அவர் மகள்தான். தூக்கக் கலக்கத்தோடு, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, எந்த அவசரமும் இல்லாமல். அன்று காலையில் கூப்பிட்டது.

கண்ணைத் திறந்தபோது எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"தேதி சொல்லியிருக்காங்களாம்மா?"

"என்ன தேதி?"

"பிரசவத் தேதி. முன்கூட்டித் தெரிஞ்சா எடம் ஒதுக்கி வெக்கச் சௌகரியமா இருக்கும். பனிக்காலம்னா கம்பளி வேற கேட்டு எழுதணும், அது லேசுல வராது."

அவர் காட்டிய பக்கம் ஓர் இரும்பு அலமாரி. கோப்புகளை ஒதுக்கி ஒரு தட்டு காலி செய்யப்பட்டிருந்தது. அதில் மடித்த துவாலை ஒன்று. துவாலை சுத்தமாக, மிருதுவாக இருந்தது. வாங்கியவர் யோசித்து வாங்கியிருக்கிறார். ஆபரேட்டரம்மாவைக் கலங்க வைத்தது அதுதான்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். எந்த மேஜையிலும் மனைவி, பிள்ளை, பெற்றோர் என்று ஒரு போட்டோ இல்லை. அலுவலகம் முடிகிற மணி அடித்தது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை, பையைத் தேடவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இந்தத் துறைக்கு ஆள் எடுப்பதாக வருஷா வருஷம் விளம்பரம் வருவதும், ஊரில் யாருக்குமே அந்த வேலை கிடைத்ததில்லை என்பதும் அவர் நினைவுக்கு வந்தது. அரசாங்க அலுவலகத்தில் இத்தனை பேர் இருக்கையில் இருப்பதைப் பார்த்தால் சாதாரணமாக ஒருவருக்குச் சந்தோஷம்தான் வர வேண்டும்.

வேலைக்கு ஆகிற பேச்சைப் பேசலாம் என்று அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். காசைக் கட்ட அவர் தயார். ஆனால் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை வாங்கிக்கொள்ள விதியில்லை, வீட்டுக்காரர் கையெழுத்தும் வேண்டும். வீட்டுக்காரர் எதற்கு மசிவார் என்று எழுத்தர் கேட்டார். அது அறை இல்லை என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால் மசிவார் என்றார் ஆபரேட்டரம்மா. அவ்வளவுதானா என்றார் எழுத்தர். பால்கனிக்கு உண்டான சொற்பத்தைத் தள்ளிவிட்டு மிச்சம் முழுவதையும் வட்டியோடு கட்டிவிடுவது என்று இருவரும் அங்கேயே பேசி முடித்தார்கள்.

துறையின் ஆணை வந்த அன்று தலைவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தெருவில் இரண்டு நடை நடந்தார். 'மேற்படி பால்கனி அறை அல்ல' என்ற வரியைச் சங்கத்தில் மூன்று முறை படித்துக் காட்டினார்; முதல் முறை யாருக்கும் கேட்கவில்லை. கட்டின தொகையைப் பற்றி அவர் பேசவில்லை, யாரும் கேட்கவுமில்லை. சங்க வரலாற்றில் இது ஒரு திருப்புமுனை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

பற்றுரிமையை விலக்கிக்கொண்டதாகக் கடிதமும் தபாலில் வந்தது. மறுநாள் காலை மகள் தண்ணீர் டம்ளரை எடுத்தாள். முதல் மடக்கு வரவில்லை.

ஆபரேட்டரம்மா மறுபடி ஓடினார். எழுத்தர் கோப்பைப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, விலக்கியாகிவிட்டது என்றார். காகிதத்தில் விலக்கிவிட்டீர்கள், வீட்டுக்கு யார் சொன்னார்கள் என்று ஆபரேட்டரம்மா கேட்டார். எழுத்தர் யோசித்தார். போடும்போது வாசிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, எடுக்கும்போது வாசிக்க வேண்டும் என்று எங்கும் இல்லையே என்றார். வாசிக்கக் கூடாது என்று இருக்கிறதா? அப்படியும் இல்லை. இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை, அவ்வளவுதான். அலமாரியில் துவாலையின்மேல் இப்போது ஒரு சின்னக் கம்பளியும் இருந்தது. மஃப்ளர்க்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவருக்கு ஆட்சேபம் இல்லை. குரல் சும்மாதான் கிடக்கிறது என்றார். ஆனால் ஒரு காகிதத்துக்கு ஒரு வாசிப்பு, அதைத் தாண்டித் தனக்கு அதிகாரம் இல்லை என்பதை முன்னாலேயே சொல்லிவிட்டார்.

அவர் வருவதாகச் சொன்ன தேதிக்குள் மகளுக்கு மாதம் நிறைந்துவிட்டது. வந்த அன்று காலையிலிருந்தே இடுப்பில் வலி. ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் டாக்சி நின்றது. வாசித்ததும் கிளம்பிவிடலாம் என்று ஆபரேட்டரம்மா மகளைக் கட்டிலில் உட்கார வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். இந்தத் தடவை எல்லாரும் உள்ளேதான் இருக்க வேண்டும், எல்லாரும் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். தலைவரும் உள்ளேதான் இருந்தார். மாடியில், தான் வென்ற இடத்தில், நாற்காலி போட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு.

வாசிப்பாளர் மஃப்ளரைத் தளர்த்திவிட்டு ஆரம்பித்தார். கூடம், சமையலறை, மாடி அறை என்று போய்விட்டு மகளின் அறைக்கு வந்து, நிலைப்படியில் நின்று சுவரைப் பார்த்து வாசித்தார். ஆபரேட்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது. முழுப் பற்றுரிமையும், அதன் வழி வந்த சகல முதலுரிமைகளும், இன்று முதல், நிபந்தனையின்றி. நல்ல குரல்தான், பாவி என்று நினைத்துக்கொண்டே கண்ணைத் திறந்தார்.

மகள் வாசிப்பாளரின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா பக்கம் திரும்பி, வலியை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"எப்பம்மா ஆரம்பிப்பாரு?"

ஆபரேட்டரம்மாவுக்குப் புரிந்தது. முதல் வாசிப்பு. அதுவும் முதல்தான். அதுவும் போய்விட்டது.

வாசிப்பாளர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னதற்குத் தலையை ஆட்டினார். அதிகாரமில்லை. ஆபரேட்டரம்மா மகளின் வயிற்றைக் காட்டினார். அவர் அந்தப் பக்கம் பார்த்தார். அந்த அறையில் அவர் சுவரைத் தவிர ஒன்றைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"பயப்படாதீங்கம்மா. நல்லாப் பாத்துக்குவாங்க. நான் அங்கதான் வளந்தேன்." அப்புறம், "எல்லாருமே அங்கதான் வளந்தோம்," என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஒரு நல்ல பள்ளிக்கூடத்தைச் சிபாரிசு செய்கிறவர் மாதிரி சொன்னார்.

மகள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முனகினாள். டாக்சிக்காரர் ஹாரன் அடித்தார். அழுது பயனில்லை என்பது ஆபரேட்டரம்மாவுக்குத் தெரிந்தது. அம்மா என்ற ஒருத்தி அழுதால் என்னவாகும் என்பது இந்த மனிதருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திராத விஷயம். இவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அந்தக் குரல். ஆபரேட்டரம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டு, டெலிபோன் அறைக் குரலில், தணிவாகச் சொன்னார்.

"சார், சரியா கேக்கல."

"என்னது?"

"கொஞ்சம் கொரகொரன்னு விழுந்துச்சு. நடுவுல ரெண்டு மூணு எடத்துல வார்த்தையே புரியல. வயசாக ஆக அப்படித்தான் ஆகும், அதனால என்ன. அடுத்த தடவை வேற யாரையாவது அனுப்பச் சொல்றேன்."

வாசிப்பாளரின் முகத்தில் ரத்தம் ஏறியது. புரியவில்லையா, எந்த இடத்தில் என்று கேட்டார். எந்த இடம் என்று சொல்லத் தெரியவில்லை, மொத்தமாகவே ஒரு முணுமுணுப்பாகத்தான் இருந்தது என்றார் ஆபரேட்டரம்மா. நான் முப்பது வருஷமாகக் குரல் கேட்டுப் பிழைக்கிறவள் சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொன்னார்.

முணுமுணுப்பு என்ற சொல்லோடு அதிகாரமும் விதியும் பறந்துவிட்டன. அவர் மஃப்ளரை உருவிக் கீழே எறிந்தார். காகிதத்தைப் பிரித்தார். நிலைப்படியிலிருந்து அறைக்கு நடுவே வந்து நின்று, வயிற்றிலிருந்து மூச்செடுத்து வாசித்தார். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தெருவில் டாக்சிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுத்துவிட்டார். மகள் நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஒவ்வொரு சொல்லும் வந்து விழுவதை ஆபரேட்டரம்மா பார்த்துக்கொண்டே நின்றார். நிபந்தனையின்றி என்ற இடத்தில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதைக்குதும்மா என்றாள். மேஜைமேலிருந்த தண்ணீரை எடுத்து வாயில் ஊற்றிக்கொண்டாள். மோவாயில் வழிந்தது. குடித்தாள்.

"இப்ப?" என்று வாசிப்பாளர் மூச்சிரைக்கக் கேட்டார்.

"இப்ப கேட்டுச்சு சார்."

கிளம்புகிற அவசரத்தில் யாருக்கும் ஒன்று தோன்றவில்லை. வாசிப்பாளர் அன்று இரண்டு தடவையும் அறைகளில்தான் வாசித்தார். பால்கனி அறை அல்ல. அதற்குத் துறையின் ஆணையே இருக்கிறது. முதல் தடவை அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. இரண்டாம் தடவை குரல் கீழிருந்து ஏறி வந்தபோது, யாரோ கத்துகிறார்களே என்று தலைவர் கண்ணாடிக் கதவை இன்னும் இறுக்கச் சாத்திக்கொண்டார்.

குழந்தை அன்று சாயங்காலம் பிறந்தது. பெண். டாக்டரையும் நர்சையும் தள்ளிக்கொண்டு நிற்கிற அளவுக்கு ஆபரேட்டரம்மாவுக்கு அந்த ஆஸ்பத்திரியில் செல்வாக்கு இருந்தது. தலைவரையும் கதவருகே வர விட்டார்கள். குழந்தை முகத்தைச் சுளித்து, வாயைத் திறந்து, வீறிட்டது. மகள் கண்ணில் தாரை தாரையாகக் கொட்டியது. நர்ஸ் சிரித்தாள். ஆபரேட்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தம் முழுவதையும், கடைசி இழுப்புவரை, காதில் வாங்கிக்கொண்டார். எங்கேயும் போகவில்லை. இந்த அறையிலேயே இருந்தது.

"ஏன் அழமாட்டேங்குது?" என்று தலைவர் பதறினார். "டாக்டர், குழந்தை ஏன் அழல?"

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆபரேட்டரம்மா மட்டும் கொஞ்சம் தாமதமாகப் பார்த்தார்.

"அழுதாச்சுங்க," என்றார். "உங்களுக்கு வரல."

துவாலையில் சுற்றிய பேத்தியை அவர் கையில் கொடுத்தார்கள். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, இந்தச் சந்தர்ப்பத்துக்கென்று பல மாதங்களாக யோசித்து வைத்திருந்த எதையோ சொன்னார். பேத்தியிடம் அவர் பேசும் முதல் பேச்சு அது, நீளமான ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வாய் வெகுநேரம் அசைந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, அந்த உதடுகள் மூடுவதையும் திறப்பதையும் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.